காரின் மேல் பறவை எச்சம்: கறையை நீக்குவதும் மறைப்பதும்

 

காரின் மேல் பறவை எச்சமிட்டால் அது நஜீஸா என்று நம்மிடம் கேட்போர் பலர். அந்த எச்சம் காரின் பெயின்டை என்ன செய்யும் என்று கேட்போர் மிகச் சிலர். முதல் கேள்விக்கு ஃபிக்ஹு நூல்களில் விடை தெளிவாக இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் புறா, சிட்டுக்குருவி போன்ற உண்ணத்தக்க பறவைகள் பறந்தவாறு இடும் எச்சம் நஜீஸன்று; பருந்து போன்ற உண்ணத் தகாதவற்றின் எச்சம் இலேசான நஜீஸ். ஷாஃபிஈ மத்ஹபில் எல்லாமே நஜீஸ்தான். ஆயினும் தவிர்ப்பதற்கு அரிதான இடங்களில் சலுகை உண்டு. காரின் மேல் எவரும் தொழப் போவதில்லையாதலால் இச்சட்டம் கையோடும் உடையோடும் நின்றுவிடும். இரண்டாம் கேள்விதான் சென்ற ஆண்டு நம்மைச் சில வாரங்கள் சிந்திக்க வைத்தது. விற்கப்பட வேண்டிய கார் அது. மேலும், மதரஸாவுக்கு வக்ஃபாக வந்த கார்.

நம் மதரஸாவின் முற்றத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பழம் பழுத்துவிட்டால் மைனாவும் குயிலும் காகமும் விடியலிலிருந்து மஃரிப் வரை அதில் குடியிருக்கும். வேறு நிழல் இல்லாததால் அந்தக் கறுப்பு நிறக் காரும் ஒன்பது ஆண்டுகள் அதன் அடியிலேயே நின்றது. பானட்டிலும் டாப்பிலும் விழுந்தவற்றை ஓட்டுநர் அவ்வப்போது கழுவிவிடுவார். ரமளான் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் கழுவ ஆளிருக்காது. அப்படிப்பட்ட நாட்களின் அடையாளங்கள்தான் பானட்டில் பதினொன்றும் டாப்பில் நான்குமாகத் தங்கிவிட்டன. மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்க, நட்டவர் மறைந்த பின் அந்த வரவை நாம் நிறுத்துவதா என்று கேட்டோம். அப்பேச்சு அத்துடன் முடிந்தது.

எச்சம் எவ்வாறு பெயின்டைக் கெடுக்கிறது? இன்றைய கார்களில் உலோகத்தின் மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பறவைகள் மனிதரைப் போல் தனியே சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அதனுடன் செரிமான நொதிகளும், விதைத் துணுக்குகளும், மண்ணும் கலந்திருக்கும். பழத்தைச் செரிக்கவென்று படைக்கப்பட்ட நொதிகள் பூச்சின் மீதும் தம் வேலையைத் தொடர்கின்றன. இதில் வெயிலின் பங்கும் பெரிது. பகல் வெப்பத்தில் கிளியர் கோட் சற்று இளகி விரியும். எச்சமோ காய்ந்து கெட்டியாகும். மாலையில் உலோகம் குளிரும்போது பூச்சு சுருங்கி, காய்ந்த எச்சத்தின் சொரசொரப்பைத் தன்மேல் அச்சுப்போல் வாங்கிக்கொள்கிறது. கழுவிய பின்னும் மங்கலாக ஒரு வட்டம் தெரிவது இதனால்தான். கறுப்பு நிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்ப்பதால் அத்தகைய கார்களுக்குத் துன்பம் கூடுதல். கறை கண்ணுக்குத் தெரிவதும் கூடுதல்.

நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கைதேர்ந்த பெயின்டர். அவர் பட்டறையில் காரைக் கொண்டு நிறுத்தினோம். டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கறையையும் பார்த்தார். நகத்தால் மெல்லத் தடவினார். நகம் தட்டாத கறை மேலோட்டமானது. தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. விளிம்பு வெளுத்து உரிந்தாற்போல் இருந்தால் கிளியர் கோட் போய்விட்டது. பதினைந்தில் ஒன்பது முதல் வகை, நான்கு இரண்டாம் வகை, இரண்டு மூன்றாம் வகை என்று கணக்குச் சொன்னார்.

அவர் செய்ததை இங்கே எழுதுவது, வீட்டில் கார் வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால். முதலில் நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பின் ஷாம்பூ இட்டுக் கழுவினார். காய்ந்து ஒட்டியிருந்த புதிய எச்சத்தின் மேல் நனைந்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் மேல்நோக்கி எடுத்தார், ஒருபோதும் தேய்க்கவில்லை. அதிலுள்ள மணலும் விதையும் உப்புத்தாள் போல் கீறும், பறவை செய்ததைவிட அவசரக்காரரின் கை செய்வதே அதிகம் என்றார். ஒன்பது கறைகளும் நுண்ணிய பாலிஷாலும் மைக்ரோஃபைபர் துணியாலும் கையாலேயே மறைந்து, இல்லை, நீங்கிப் போயின. ‘மறைந்து’ என்ற சொல்லைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. பள்ளம் விழுந்த நான்குக்கும் 2000, பிறகு 3000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மிக இலேசாக இழைத்து, காம்பவுண்ட் இட்டு மெஷினால் பஃபிங் செய்தார். ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் கிளியர் கோட் சற்றுக் குறைகிறது. அது மீண்டும் வளராது. எனவே அவற்றில் இரண்டில் மெல்லிய நிழல் எஞ்சியபோதே நிறுத்திக்கொண்டார். ஒரு தொழிலாளி எங்கே கையை நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய தேர்ச்சி தெரிகிறது என்று நமக்குத் தோன்றியது.

கிளியர் கோட் போன இரண்டும் பானட்டில் இருந்தன. அதற்குப் பானட் முழுவதையும் இழைத்துப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதே வழி. அதற்கான செலவை, விற்கப்போகும் காருக்கு மதரஸா தாங்காது. அப்போது மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஹஜ்ரத், கிளேஸ்னு ஒரு பாலிஷ் இருக்கு. போட்டா பள்ளம் நிரம்பிடும், நிழலும் தெரியாது. நாலஞ்சு வாட்டர் வாஷ் வரைக்கும் நிக்கும். விக்கிறவங்க எல்லாரும் போடுறதுதான்.”

இதை நிர்வாகக் குழுவில் சொன்னபோது மூத்த உறுப்பினர் ஒருவர் கிளேஸ் போடுவதையே விரும்பினார். அவர் பேராசைக்காரர் அல்லர். தம் கடையில் எடைக்கல்லை அடிக்கடி சோதிப்பவர். அவருடைய வாதம் இது: கார் நம்முடையதாக இருந்தால் நட்டத்தை நாம் ஏற்கலாம். இது வக்ஃபுப் பொருள், ஓதும் பிள்ளைகளின் உரிமை. அதன் விலையைக் குறைத்துக்கொள்ள நமக்கு அதிகாரம் உண்டா? எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. அமானிதப் பொருளுக்கு முழு மதிப்பைப் பெறுவது பொறுப்பாளரின் கடமையே.

ஆனால் முழு மதிப்பு என்பது எது? மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக் கூடாதா என்பதே அவர்கள் கேட்டதன் பொருள். அதைவிட நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையப் பால் தரும் ஆடு போலக் காட்டி விற்பதை அவர்கள் தடுத்தார்கள். கட்டிவைத்த மடி இரண்டு மூன்று கறவையில் உண்மையைச் சொல்லிவிடும். கிளேஸ் நாலைந்து வாட்டர் வாஷில் சொல்லிவிடும். குறையுள்ள பொருளின் முழு மதிப்பு, குறையோடு சேர்ந்த மதிப்பு மட்டுமே. அதற்கு மேல் வருகிற தொகை வக்ஃபுக்குச் சேர வேண்டியதன்று, வாங்கியவரின் பணம். வாங்குபவர் முஸ்லிமா பிற சமயத்தவரா என்பதால் இது மாறுவதில்லை. இதை நாம் சொன்னபோது அப்பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப பாலிஷே போடக் கூடாதா?” என்று கேட்டார். போடலாம். கறையை நீக்கும் பாலிஷ் பொருளைச் சீர்படுத்துவது. அதற்கு விலை கேட்பதிலும் தவறில்லை. மெழுகு பூசுவதும் காரைக் காப்பதே. குறையைச் சொல்லிவிட்டால் கிளேஸ்கூட வெறும் அலங்காரந்தான்.

வாங்க வந்தவர் அடுத்த ஊரில் மாவு மில் நடத்தும் சகோதரர், இந்து சமயத்தவர். பானட்டில் இரண்டு இடங்களை விரல் வைத்துக் காட்டி, இங்கே கிளியர் கோட் இல்லை, இன்னும் இரண்டில் நிழல் இருக்கிறது என்று சொன்னோம். குனிந்து பார்த்தவர், “பாய், இதைத் தவிர வேற எங்க என்ன இருக்குன்னும் சொல்லிடுங்க” என்றார். பின் சக்கரத்தில் வரும் சத்தத்தையும் சொன்னோம். பேசியிருந்த விலையில் ஆறாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார், நாலாயிரத்தில் முடிந்தது. விற்பனைச் சீட்டில் பெயின்ட் குறை காட்டப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து இருவரும் கையொப்பமிட்டோம். குறைந்த நாலாயிரத்துக்கான காரணத்தை மதரஸாக் கணக்கேட்டில் அந்த மூத்த உறுப்பினரே தம் கையால் எழுதினார்.

இப்போதுள்ள வேனுக்கு மரத்தை விட்டு விலகித் தகரக் கூரை போட்டிருக்கிறோம். ஓட்டுநர் இருக்கையின் கீழே ஒரு பாட்டில் நீரும் இரண்டு மென்துணிகளும் எப்போதும் இருக்கும். எச்சத்தைக் கண்டால் வெயில் ஏறுமுன் ஊறவைத்து எடுப்பது ஓட்டுநரின் வேலை. ஜும்ஆ நாட்களில் பெரிய மாணவர்கள் அதைப் போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள். அவர்களுள் இருவர் பெயின்டராகப் போவதாகச் சொல்கிறார்கள்.