பாகலூரிலிருந்து ஒரு சாலை

ஓசூருக்கு வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாகலூர். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை தமிழ் மண்ணில் அடியெடுத்து வைப்பது இவ்வூர்ப் பக்கத்தில்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும். ஒருபுறம் ரோஜாத் தோட்டங்களும் காய்கறி வயல்களும்; மறுபுறம் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். மண்ணை நம்பியவரும் இயந்திரத்தை நம்பியவரும் அருகருகே வாழும் ஊர் இது.

இங்கிருந்து மேற்கே ஒரு சாலை பிரிந்து, எல்லையைக் கடந்து சர்ஜாபுரத்தை அடைகிறது. அங்கிருந்து தொம்மசந்திரா, கார்மலாரம், பெள்ளந்தூர் வழியாகப் பெங்களூருக்குள் நுழைந்து, தூய யோவான் மருத்துவமனை வளாகத்தின் அருகே முடிகிறது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஜூலைத் திங்களின் இறுதியில் நாம் இவ்வழியே பயணம் செய்தோம். சர்ஜாபுரத்தில் மாறி ஏறிய பேருந்தில் எக்ஸ்ரே படங்களை மடியில் வைத்துக் காத்த முதியவர் ஒருவர். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த தாய் ஒருத்தி. எங்கே இறங்க வேண்டும் என்று அவர்கள் நடத்துநரைக் கேட்கவில்லை. வழி அவர்களுக்குப் பழகியிருந்தது.

அந்நாட்களில் நினைவுகூரத்தக்க ஆண்டு விழா ஒன்று உண்டு. ‘சாய்’ எனச் சுருக்கமாக வழங்கும் இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் பிறந்த நாள் ஜூலை 29. ஆண்டு 1943. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆந்திரத்துக் குண்டூரில் 16 அருட்சகோதரிகள் கூடினர். அவர்களைக் கூட்டியவர் மருத்துவர் மேரி குளோரி.

ஆஸ்திரேலிய நாட்டவரான இவ்வம்மையார் மெல்போர்னில் கண் மருத்துவராகப் புகழ் பெற்றிருந்தார். 1915இல் சிறு நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. இந்தியப் பெண்களின் துயர் கண்டு உழைத்த ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் வரலாறு அது. ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடம் தராததால், பேறுகாலத்தில் பெண்கள் மடிந்த செய்தி அவர் உள்ளத்தைத் தைத்தது. 1920இல் இந்தியா வந்து, இயேசு மரியா யோசேப்பு சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் செய்வதை அந்நாளைய திருச்சபைச் சட்டம் தடுத்தது. பதினைந்தாம் பெனடிக்ட் பாப்பரசர் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். அருட்சகோதரிகள் பிரசவம் பார்க்கப் பொதுவான அனுமதி உரோமையிலிருந்து வந்தது 1936இல்தான்.

அனுமதி வந்தது, ஆனால் தனிமை தீரவில்லை. தொலைதூரச் சிற்றூரின் மருந்தகத்தில் ஒரு சகோதரி, ஒரு மருந்துப் பெட்டி, வாசலில் நூறு நோயாளர். ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. பயிற்சி பெற்ற துணை இல்லை. அன்பு நிறைந்த நெஞ்சமும் தனித்து நின்றால் தளர்ந்து போகும் அன்றோ? இதை உணர்ந்தே குண்டூரில் கூடினர். நல்ல சமாரியன்கூடக் காயமுற்றவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான். இரக்கத்துக்கும் ஒரு கூட்டாளி வேண்டியிருந்தது!

அன்று 16 பேர். இன்று 3,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். நம் நாட்டில் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று எழ வேண்டும் என்பது அம்மையாரின் கனவு. 1957இல் பெங்களூரில் அவர் கண்மூடினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1963இல், அதே நகரில் தூய யோவான் மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2013இல் திருச்சபை அவரை ‘இறை ஊழியர்’ என அறிவித்தது.

வளாகத்தில் நின்றபோது எண்ணம் ஒன்று நம்மை விடவில்லை. சாலைக்கு இரு திசை உண்டு. பாகலூரிலிருந்து நோயாளர் நகரம் நோக்கி வருகின்றனர். நகரத்திலிருந்து சிற்றூர் நோக்கிச் செல்வோர் எத்தனை பேர்? இக்கல்லூரி தன் மாணவரைப் படிப்பு முடிந்தபின் மருத்துவ வசதி குன்றிய பகுதிகளில் ஈராண்டு பணிபுரியப் பணிக்கிறது. குண்டூரில் கூடிய சகோதரிகள் இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். அவர்கள் நகரத்தில் சங்கம் அமைத்தது, நகரத்திலேயே தங்கிவிட அன்று. சிற்றூரில் தனித்து நிற்பவளுக்குத் தோள் கொடுக்கவே.

ஆண்டு விழாக்களில் மாலையும் மேடையும் இருக்கும்; இருக்கட்டும். ஆனால் ஒரு தோழமைச் சங்கத்தின் வயதை மேடையில் அளப்பதைவிட, அதன் கடைக்கோடி மருந்தகத்தில் அளப்பதே முறை. அங்கே இருக்கும் செவிலிக்கு இரவில் ஐயம் எழுந்தால் கேட்க ஒரு குரல் உண்டா? ஏழை அங்கே கடன்படாமல் மருந்து பெறுகின்றானா? இவற்றிற்கு ‘ஆம்’ என்ற விடை கிடைக்குமானால், அதுவே உண்மையான யூபிலி.

அன்பார்ந்த குடும்பத்தாரே, செவிலியரோ மருத்துவரோ ஒருவரேனும் இல்லாத கத்தோலிக்க உறவுக் கூட்டம் நம்மிடையே அரிது. அவர்கள் உயர்ந்த ஊதியம் பெறட்டும். கடல் கடந்தும் செல்லட்டும். ஆயினும், வாழ்வில் ஈராண்டை, அல்லது விடுமுறையில் ஒரு திங்களையேனும், சாலையின் மறுமுனைக்குக் கொடுக்குமாறு வீட்டுச் செபவேளையில் அவர்களைக் கேட்டுப் பார்ப்போமா? அழைப்பு பெரும்பாலும் ஆலயத்தில் அன்று, அடுக்களையருகில்தான் முதலில் கேட்கிறது.