தந்தையின் நிழல்

1981-ஆம் ஆண்டு மே மாதம். கொடைக்கானலில் பணியாற்றிய தாய்மாமன் இல்லத்தில் எங்கள் குடும்பம் பன்னிரண்டு நாள் தங்கியிருந்தது. தந்தையாரிடம் ஆக்ஃபா கிளிக் த்ரீ என்னும் எளிய புகைப்படக் கருவி இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். இரண்டாம் சுருள் வாங்க வசதியில்லை. ஆகவே நாளுக்கு ஒரு படம் என்று அவர் விதித்தார்.

அந்த ஒரு படம் எது என்று முந்தைய இரவே வழக்காடுவோம். 1863-இல் அமைக்கப்பட்ட ஏரியா, சலேத் மாதா ஆலயமா, மட்டக்குதிரையா? அம்மாவின் முறை வந்தபோது அவர் கேட்டது, பிள்ளைகள் நால்வரும் சண்டையின்றி நிற்கும் படம்!

படம் தெளிவாக விழ, கதிரவன் எடுப்பவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும். காலை வெயிலில் எங்களை நிறுத்தி, மூச்சை அடக்கித் தந்தையார் விசையை அழுத்துவார்.

பல ஆண்டுகளுக்குப்பின் அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் நினைவு அட்டைக்காக அப்படங்களைப் புரட்டினோம். ஒன்றிலும் அவர் முகம் இல்லை. “நீங்கள் நில்லுங்கள் அப்பா, நான் எடுக்கிறேன்” என்று எங்களுள் ஒருவரும் கூறியதில்லை. அது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஒரே ஒரு படத்தில், புல்தரைமீது எங்கள் காலடிவரை அவருடைய நிழல் நீண்டு கிடந்தது. அம்மா அதன்மேல் விரலை வைத்து, “இதோ இருக்கிறாரே” என்றார்.

அன்பார்ந்த பிள்ளைகளே, இன்று உங்கள் கைப்பேசியில் படங்களுக்குக் கணக்கில்லை. இக்கோடை விடுமுறையில் நாளுக்கு ஒரு படமேனும், வழக்கமாகப் படமெடுப்பவரை நடுவில் நிறுத்தி எடுங்கள்.