ஜட்கா பாயின் குதிரை

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, 1976-ல் குமாஸ்தாவாக மதுரைக்கு வந்தேன். ரயிலடியில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர் பழக்கமானார். தினமும் அவர் வண்டியில்தான் ஆல்பர்ட் விக்டர் பாலம் தாண்டி ஆபீஸ் போவேன்.

ஐப்பசி அடைமழை. குதிரை பின்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. பார்த்தேன், ஆபீசுக்கு நேரமாகிறதே என்று வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பாயே காலைத் தூக்கிக் காட்டினார். குளம்படியில் ஆப்பு மாதிரி மெத்தென்று ஒரு பகுதி உண்டு. (பிரெஞ்சில் அதற்கு 'ஃபூர்ஷெத்', அதாவது முள்கரண்டி என்று பெயர்.) அதன் ஓரப் பள்ளத்தில் கறுப்புக் கசிவு, குமட்டும் வாடை.

"சாணி ஈரத்துல நின்னா அழுகத்தானே சார் செய்யும்? ஆறு வாரத்துக்கு ஒருக்கா லாடத்தைக் கழட்டி, வளர்ந்ததைச் சீவி அடிக்கணும். காசில்லாம மூணு மாசம் இழுத்துட்டேன்."

லாடக்காரர் அழுகலைச் சீவி எடுத்தார். பாய் கொட்டடியை உலர்த்தி, வைக்கோல் பரப்பி, காலையும் மாலையும் குளம்பைச் சுரண்டித் துடைத்தார். பத்து நாள் வண்டி ஓடவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததா, தெரியாது. நான் நடந்தே போனேன். மிச்சமான சவாரிக் காசை நீட்டினேன், வாங்கவில்லை.

"கொள்ளு வாங்கிப் போடுங்க பாய்" என்றேன். அதற்கு வாங்கிக்கொண்டார்.