பத்து வேடங்களும் ஒரு பள்ளிவாசலும்

திரைப்படத்தைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா எனப் புருவம் உயர்த்தும் பெரியவர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். 2008 ஜூன் 13இல் வெளிவந்த ‘தசாவதார’த்தை அண்மையில் வீட்டிலிருந்தபடியே மறுபடியும் பார்த்தோம். நாகூரிலிருந்து வந்திருந்த மாமாவும் உடனிருந்தார்கள்.

கே.எஸ். ரவிகுமார் இயக்கிய அப்படத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்கள் புனைந்திருக்கிறார். 1964இல் ‘நவராத்திரி’யில் சிவாஜி கணேசன் ஏற்றவை ஒன்பது. எண்ணிக்கையால் கலை உயர்ந்துவிடாது. அமெரிக்க அதிபர் புஷ் முதலான சில முகங்களில் ஒப்பனை தடித்து, நடிப்பு அதனுள்ளே மூச்சுத் திணறுகிறது. ஆனால் தெலுங்கு வாடை வீசும் அதிகாரி பலராம் நாயுடுவும், மணற்கொள்ளையை எதிர்த்து நிற்கும் பூவராகனும் உயிருள்ள மனிதர்கள்.

படத்தின் விஞ்ஞானம் சற்றே மெலிந்தது. உலகை அழிக்க வல்ல கிருமி, 2004 டிசம்பர் 26இல் பொங்கிவந்த கடலின் உப்பால் மாய்கிறதாம். மனிதக் குருதியிலேயே உப்பு உண்டே! எனினும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடலையும் ஆழிப்பேரலையையும் ஒரே கதையில் கோக்கத் துணிந்த கற்பனையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை.

நம் நெஞ்சில் தைத்தது கலீஃபுல்லா கான். வானளாவிய உயரம், குழந்தையுள்ளம். அவருடைய தந்தையாக வருபவர், படம் வெளிவந்த சில மாதங்களில், 2009 ஜனவரியில் மறைந்த நாகேஷ். வன்முறையாளராகவே முஸ்லிமைக் காட்டிப் பழகிய திரையில் இப்படியோர் அன்பான குடும்பத்தைக் கண்டபோது மகிழ்ந்தோம். ஆனால் ‘கான்’ என்ற பெயரும் பட்டாணியர் தோற்றமும் எதற்கு? மரைக்காயரும் லெப்பையும் ராவுத்தரும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு வாழும் கரையல்லவா இது?

அதனினும் ஆழமான உறுத்தல் ஒன்றுண்டு. காவல்துறை விசாரணைக்கென்று முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசலில் நிறுத்தி வைக்கப்படுகின்றன; அதனாலேயே பேரலையினின்று தப்புகின்றன. கதாசிரியர் இதனை இறையருளின் விந்தையாகக் கருதியிருக்கலாம். அல்லாஹ்வின் நாட்டத்தை நாமும் நம்புகிறவர்களே. ஆயினும் குற்றமற்றவர்களைச் சந்தேகித்து அடைத்ததே அவர்களுக்கு நன்மையாயிற்று என்று காட்டும்போது, அடைத்தவர் கணக்கும் சேர்ந்தே தீர்ந்துவிடுகிறது.

நாம் அறிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்துப் புகலிடம் தந்தனர். நாகூர் தர்காவின் நிலத்தில், இன்ன சமயத்தார் என்று பாராமல் உடல்கள் அடக்கப்பட்டன. மாமா அங்கே குழி வெட்டியவர்கள்.

பேரலை திரையில் எழுந்தபோது அவர்கள் எழுந்து முற்றத்திற்குப் போய்விட்டார்கள். படம் முடிந்தபின் வந்தமர்ந்து, தேநீரை ஆற்றியவாறே கேட்டார்கள்: “அது சரி மருமவனே, அந்தச் சனங்களை எதுக்குப் பள்ளியிலே புடிச்சு வச்சாங்க?”

கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினோம். பாதியில் நமக்கே சொல் எழவில்லை.