வேலியும் நிலமும்

தமிழில் வேலி என்னுஞ் சொல் இரு பொருளுடையது. நிலத்தைச் சூழ்ந்து நிற்கும் காப்பு ஒன்று. தஞ்சைப் பகுதியில் வழங்கிய நில அளவை மற்றொன்று. 20 மா கொண்ட நிலம் ஒரு வேலி. அஃது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது. இவ்விரு பொருளையும் ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். நிலமுடையவனுக்கே வேலியும் உடைமையாகின்றது. வீட்டு விலங்குகளை அடைத்துக் காத்தலாகிய சிறு கருமத்திலும் இவ்வுண்மை தொழிற்படுவதைப் பதுளைத் தோட்டங்களிற் காணலாம்.

பதுளையைச் சூழ்ந்த கிராமங்களில் வீட்டு எல்லை நெடுகிலும் கிளிரிசீடியாக் கம்புகள் நிற்கும். மழைக்காலத்தில் வெட்டி ஊன்றினால் அவை வேர்விட்டுத் தளிர்த்து உயிர்வேலியாகும். அம்மரத்தின் சிங்களப் பெயரிலேயே வேலி என்ற சொல் அமைந்துள்ளது. வேலிக்குள் நாய் உலவும். அதன் தழையை ஆடு உண்ணும். தோட்டத்து லயத்தின் நிலை வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய காம்பிராக்கள், வாசலின் முன் கான், அதற்கப்பால் தேயிலை. வேலி நிற்க வேண்டிய இடம் எதுவும் குடியிருப்பவருக்கு உரியதன்று.

பசறை வழியிலுள்ள ஒரு தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இரண்டு ஆடுகளும் ஒரு நாயும் வளர்த்து வந்தார். ஆடு அயலார் மரக்கறிப் பாத்திக்குள் நுழைந்தால் வழக்கு; கால்நடைகளின் அத்துமீறல் பற்றிய கட்டளைச் சட்டம் 1876ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. நாயைக் கட்டாது விட்டால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அச்சம். இரவில் வெளியே சங்கிலியிற் கட்டினாலோ சிறுத்தைக்கு இரை. எனவே அவர் காம்பிராவின் பின்புறத்தில் நான்கு கிளிரிசீடியாக் கம்புகளை ஊன்றினார். அவை தளிர்விட்ட வாரத்தில் மேற்பார்வை உத்தியோகத்தர் அவ்வழியே வந்தார்.

“யாரக் கேட்டு கம்பு ஊனுனீங்க?”

“நாயிக்குத்தாங்க ஐயா, எனக்கில்ல.”

மறுநாளே கம்புகள் பிடுங்கப்பட்டன. கிழவர் மூங்கிலும் பழைய தகரமும் கொண்டு, மண்ணில் ஊன்றாத கூண்டொன்றைச் சுவரோடு சாய்த்து அமைத்தார். சிறுத்தை ஏறவல்லது என்பதை அறிந்து அதன் மேற்புறத்தையும் மூடினார். ஈரத்தில் ஆடுகளின் குளம்பு அழுகாதிருக்கப் பட்டியின் தளத்தை நிலத்தினின்று உயர்த்தி, இடைவெளிவிட்டுச் சட்டங்களைப் பரப்பினார். எவரேனும் அகற்றச் சொன்னால் இருவர் தூக்கிச் செல்லத்தக்கதாக அனைத்தும் அமைந்தன. அவர் கைவேலையின் நுட்பம் முழுவதும் நிலத்திற் படாதிருப்பதற்கே செலவாயிற்று.

முறையான அடைப்பு இல்லாதவிடத்துக் கம்பிச் சுருக்கு இடம்பிடிக்கின்றது. காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் சுருக்கு, வருவது எதுவென்று அறியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அவ்வாறு அகப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. வீட்டு நாய்க்கும் அதே சுருக்குத்தான். நல்ல வேலி தன் விலங்கை உள்ளே காப்பதுடன் புறத்து விலங்கையும் கொல்லாது விலக்குகின்றது. சுருக்கோ இரண்டையும் செய்வதில்லை.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் சிலவற்றில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி பேசப்பட்டது. அஃது ஏறத்தாழ 1,900 சதுர அடி. தஞ்சையின் ஒரு வேலியோடு ஒப்பிடின் அது நூற்றைம்பதில் ஒரு பங்குமன்று. ஆயினும் வீடு போக எஞ்சும் நிலத்தில் ஓர் ஆட்டுப்பட்டியும் கோழிக்கூடும் நாய்க்கூண்டும் அடங்கும். காணி உரிமை பற்றிப் பேசுவோர் உறுதிப்பத்திரத்தையும் வாக்குரிமையையும் முன்வைப்பது முறையே. அவற்றோடு இச்சிறு உரிமையையும் சேர்த்தெண்ணுதல் தகும்: ஒருவன் தன்னை நம்பி வாழும் உயிரைக் காக்க, எவரையும் கேளாமல் ஒரு கம்பை ஊன்றி, அது வேர்பிடிக்கும்வரை காத்திருக்கும் உரிமை.