வெப்பத்தின் வரவு செலவு

சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழி மாதத்து விடியற்காலை குளிர் மிகுந்தது. வீட்டின் மூத்த பெண்மணி கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி அண்டாவில் ஊற்றுகிறாள். தண்ணீர் சேர்த்து விளாவுகிறாள். அவள் கையில் வெப்பமானி இல்லை. ஏடும் எழுத்தாணியும் இல்லை. ஆயினும் அவள் செய்வது ஒரு கணக்கே ஆகும்.

வெந்நீர் 5 கிலோகிராம். அதன் வெப்பநிலை 88 பாகை. தண்ணீர் 15 கிலோகிராம். அதன் வெப்பநிலை 24 பாகை. இரண்டும் கலந்தபின் 40 பாகையில் நிலைக்கும். வெந்நீர் 48 பாகை இறங்கி 240 கிலோ கலோரி வெப்பத்தை இழக்கிறது. தண்ணீர் 16 பாகை ஏறி அதே 240 கிலோ கலோரியைப் பெறுகிறது. ஒன்றின் செலவு மற்றொன்றின் வரவு. பாத்திரமும் காற்றும் கவர்வதை நீக்கிப் பார்த்தால், இக்கணக்கு ஒருநாளும் பிழைபடுவதில்லை.

ஆனால் மக்கள் ஐஸ் என வழங்கும் பனிக்கட்டியைச் சேர்க்குங்கால், கணக்கில் ஒரு புதுமை தோன்றுகிறது. உருகும் பனிக்கட்டி வெப்பத்தை ஓயாது உண்கிறது. எனினும் முழுதும் உருகி முடியும் வரை அதன் வெப்பநிலை சுழிப் பாகையை விட்டு ஏறுவதில்லை. உண்ட வெப்பம் எங்கே மறைந்தது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோசப் பிளாக் 1760களில் இவ்வினாவை ஆராய்ந்தார். அவ்வெப்பம் அழியவில்லை, திண்மத்தை நீர்மமாக்கும் பணியில் செலவாயிற்று என்று அவர் கண்டார். அதற்கு உள்ளுறை வெப்பம் என்பது பெயர். 1 கிலோகிராம் பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி வேண்டும்.

இவ்வறிவு உழைப்பவரின் ஊதியத்தைக் காப்பதை மேட்டூரில் காணலாம். 1934 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில், மீனவர் பரிசலேறி வலை வீசுகின்றனர். இரவெல்லாம் பாடுபட்டுப் பிடித்த மீன், கோடை வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். கெட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவே கெட்டது போலாம்.

30 பாகை வெப்பமுள்ள 10 கிலோகிராம் மீனைச் சுழிப் பாகைக்குக் குளிர்விக்க வேண்டும் என்று கொள்வோம். மீனின் உடலில் பெரும்பகுதி நீரே; ஆதலின் எளிமை கருதி அதனை நீராகவே கொள்ளலாம். அது இழக்க வேண்டிய வெப்பம் 300 கிலோ கலோரி. சுழிப் பாகையிலுள்ள குளிர்நீரை 10 கிலோகிராம் ஊற்றினாலும், கலவை 15 பாகையில் நின்றுவிடும். பனிக்கட்டியாயின் 3¾ கிலோகிராமே போதும். நீருக்கு இல்லாத இவ்வாற்றலைப் பனிக்கட்டிக்குத் தருவது உள்ளுறை வெப்பமே.

செலவுக்கு அஞ்சி 2 கிலோகிராம் மட்டும் இட்டால் என்னாகும்? அது உருகுவதற்கு 160 கிலோ கலோரியை ஏற்கும். எஞ்சிய 140 கிலோ கலோரி, மீனும் உருகிய நீருமான 12 கிலோகிராமில் பரவும். கலவை ஏறத்தாழ 12 பாகையில் நிற்கும். அந்நிலையில் மீன் நெடுநேரம் தாங்காது. ஆகவே கணக்கிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘பனிக்கட்டி முழுதும் உருகுமா, எஞ்சுமா?’ என்பதே. எஞ்சினால் இறுதி வெப்பநிலை சுழிப் பாகை. முழுதும் உருகினால் அதற்கு மேல். பெட்டியின் வழியே வெளி வெப்பமும் புகும். அதனாலேயே பட்டறிவு மிக்கோர் மீனின் எடைக்கு நிகரான பனிக்கட்டியை இட்டு அடுக்குகின்றனர்.

நீராவியிலும் இவ்வியல்பே விளங்குகிறது. 1 கிலோகிராம் நீராவி கொதிநிலையிலேயே நீராக மாறும்போது 540 கிலோ கலோரியை வெளிவிடும். இட்டலிப் பானையின் ஆவி, கொதிநீரினும் கொடிதாகச் சுடுவது இதனால்தான். வெயிலில் வரப்போரம் வைத்த மண்பானையோ, மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைச் செலவிட்டு, உழவரின் விடாய் தீர்க்கிறது.

இயற்கை வைத்திருக்கும் கணக்கேட்டில் மறைவு உண்டு; இழப்பு இல்லை. கண்ணுக்குப் புலனாகாத வெப்பத்தையும் எண்ணிக் கணக்கிடக் கற்றவர், தம் உழைப்பின் பயனை வீணே இழப்பதில்லை.