செங்கம் சாலை ஓரத்து ஊர்

காலையில் பால்காரரின் வண்டி வந்து நிற்கும்போது ரமண நகரைப் பார்க்க வேண்டும். எவர்சில்வர் தூக்கோடு ஒரு தெலுங்குப் பாட்டி. காவி வேட்டியை மடித்துக் கட்டிய வடநாட்டுச் சாமியார். பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் நிற்கும் ஓர் இளைஞன். அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக் கதர் உடுத்த ஜெர்மானிய மூதாட்டி, வெறுங்காலோடு. கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘மௌனம்’ என்று எழுதியிருக்கிறது. பால்காரர் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. அரை லிட்டர் அளந்து ஊற்றுகிறார். மேலே ஒரு கை கொசுறு விடுகிறார். மூதாட்டி கைகூப்பிவிட்டுச் சந்துக்குள் திரும்புகிறார்.

பெரிய கோயிலிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், மலையின் தெற்கடிவாரத்தில் இருக்கிறது இந்தக் குடியிருப்பு. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது ‘ஆசிரமம் பக்கம்’. இதற்குக் கால்கோள் நட்டவர் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆற்றங்கரையோ ஏரிப் பாசனமோ பார்த்து வந்து இறங்கியவர்களும் இல்லை. ஒருவர் இங்கே உட்கார்ந்தார், மற்றவர்கள் அவர் அருகில் உட்கார வந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒருவரும் வெளியூர்க்காரர். திருச்சுழியில் பிறந்து, மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர், 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14 வரை இந்த மலையை விட்டு அகலவில்லை.

1922 மே மாதம் அவருடைய தாயார் அழகம்மாள் காலமானதும், பாலிதீர்த்தம் அருகே அடக்கம் செய்தார்கள். மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்த ரமணர் அடிக்கடி இறங்கி வந்துபோனார். அந்த டிசம்பரில் ஒருநாள் வந்தவர் திரும்பிப் போகவில்லை. தாயாரின் சமாதிமேல் போட்டிருந்த ஓலைக் கொட்டகைதான் ஆசிரமத்தின் தொடக்கம். ஆசிரமத்துக்குள் பெண்கள் இரவு தங்கக் கூடாது என்பது அன்றைய விதி. அந்தி சாய்ந்தால் அவர்கள் வெளியேறியாக வேண்டும். எங்கே போவது? டவுனுக்குப் போகும் வழியோ இருட்டு. எதிரே கொல்லை மேட்டில் ஒரு வீடு, பக்கத்தில் இன்னொரு வீடு என்று எழும்பின. 1941இல் வந்த சூரி நாகம்மா அப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டுதான், பகலெல்லாம் ஆசிரமக் கூடத்தில் பார்த்ததைத் தெலுங்கில் தம் அண்ணனுக்குக் கடிதங்களாக எழுதினார். இந்த ஊரின் பாதிச் சுவர்களை எழுப்பியவர்கள் இரவில் வெளியே அனுப்பப்பட்ட பெண்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு இங்கே இன்னும் உரிய பெயர் கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் அப்போதே வந்துவிட்டார்கள். 1935இல் வந்த ஆங்கிலேயர் மேஜர் சாட்விக் ஆசிரம வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை கட்டிக்கொண்டு, 1962இல் இறக்கும்வரை இருந்தார். அவருடைய சமாதியும் அங்கேதான். ஈராக்கில் பிறந்த யூதரான கோஹன், 1936இல் பக்கத்துப் பலாக்கொத்துத் தோப்பில் ஒரு மண்குடிசை போட்டார். ஆர்தர் ஆஸ்பர்ன் பாங்காக்கில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரைச் சிறைவைத்த காலத்தில், போலந்துக்காரரான மனைவி லூசியா மூன்று குழந்தைகளோடு இங்கே காத்திருந்தார். அந்த மூவரில் நடுவே பிறந்த பையன் இந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தான். 1981இல், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியை முதன்முதலில் சந்தையில் வெற்றிகரமாக விற்றவர் என்று உலகம் அறிந்த ஆடம் ஆஸ்பர்ன் அவன்தான். 2003இல் அவர் இறந்ததும் கொடைக்கானலில், தமிழ் மண்ணில்.

ஜெர்மன்காரர்களின் வருகைக்கு முன்னால் ஒரு புத்தகம் இருக்கிறது. ஹைன்ரிக் சிம்மர் என்ற இந்தியவியல் அறிஞர் ரமணரைப் பற்றி ஜெர்மனில் ஒரு நூல் எழுதினார். அவர் இந்தியாவைப் பார்க்காமலே 1943இல் இறந்துபோனார். மறு ஆண்டு சூரிக்கில் அது வெளிவந்தபோது முன்னுரை எழுதியவர் உளவியலாளர் யுங். சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்கு வராமல் திரும்பியவர் அவர். எழுதியவரும் வரவில்லை, முன்னுரை தந்தவரும் வரவில்லை. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் மட்டும் தீபம் முடிந்ததும் வந்து இறங்கி, மாசி வரை இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மாலையில் ஆசிரமத்தில் தமிழ்ப் பாராயணம். கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் ரமணரின் அட்சரமணமாலையைக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்கிறார்கள். ழகரம் பலருக்கு வருகிறது, நம் தொலைக்காட்சியில் கேட்பதைவிட நன்றாகவே. வாசலில் நானூறு ஆண்டு கண்டது என்று சொல்லப்படும் இலுப்பை மரம். அதன் கீழே செருப்புக் குவியல். சாலையின் எதிர்ப்பக்கம் வாடகை சைக்கிள், காப்பிக் கடை, கதர்த் துணி, வீட்டுத் தரகர். ஆட்டோக்காரர் எல்லாரையும் ‘சாமி’ என்றே கூப்பிடுகிறார். பௌர்ணமி இரவில் இந்தச் சாலையே தெரியாது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்.

மலையையும் கவனிக்க வேண்டும். ஒருகாலத்தில் மொட்டைப் பாறையாகக் கிடந்த சரிவுகளில் இன்று பச்சை தெரிகிறது. 1980களின் இறுதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து நட்ட மரங்கள் அவை. கோடையில் தீப்பிடித்தால் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு இரு தரப்பும் மேலே ஓடுகிறார்கள். இங்கே குடியேறியவர்களை ‘சீசனுக்கு வருபவர்கள்’ என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.

ஆனால் விலையை உள்ளூர்தான் கொடுத்தது. மல்லாட்டை போட்ட கொல்லைகள் மனைகளாயின. வாடகை, தறியோட்டியும் கொத்தனாரும் கொடுக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. இங்கே வீடு பெருக்கி, சமைத்து, துணி துவைக்கும் பெண்கள் அத்தியந்தல், அடி அண்ணாமலைப் பக்கங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள்.

பங்குனி வெயில் ஏறியதும் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. ஒரு வாசலில் டாக்சி நிற்கிறது. வெள்ளைக்காரம்மா சாவிக்கொத்தை வேலைக்கார அம்மாவிடம் நீட்டுகிறார்.

“போய்ட்டு வாங்கம்மா. ஃபிரிட்ஜ அணைச்சிட்டீங்களா?”

“அணைச்சேன். நாய்க்குச் சோறு?”

“அத நான் பாத்துக்கறேன். மோட்டாரு போன வருஷம் மாதிரி நின்னுடுச்சின்னா யார கூப்பிடறது, அதச் சொல்லுங்க.”

வெள்ளைக்காரம்மா கைப்பையைத் துழாவி ஒரு சீட்டை எடுக்கிறார். அதில் எலெக்ட்ரீஷியன் எண் தமிழிலேயே எழுதியிருக்கிறது. வேலைக்கார அம்மா அதைச் செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டு, மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் படியேறுகிறார்.